ராக் இசைக் கேள்வி இரவு: ஒரு சவுண்ட்காரனின் கைக்குறிப்பு

திருகோணமலையில் கலியாண வீடு, கோயில் திருவிழா, பாடசாலை விளையாட்டுப் போட்டி என்று எல்லாவற்றுக்கும் சவுண்ட் கட்டுவது என் தொழில். உப்புவெளியில் ஒரு நண்பரின் விடுதி மொட்டை மாடியில் சில சனி இரவுகளில் ராக் இசைக் கேள்வி பதிலும் நடத்துகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு பீட்டில்ஸ் என்ற பெயரைத் தவிர வேறொன்றும் தெரியாது. அவர்களையும் கடைசிவரை கதிரையில் இருத்தி வைக்க வழி இருக்கிறது.

முதலாவது, ஆண்டைக் கேட்காதீர்கள். "வுட்ஸ்டொக் ராக் இசை விழா எப்போது?" என்றால் தெரிந்தவன் 1969 என்பான், தெரியாதவன் போனை எடுப்பான். கேள்வி அத்தோடு செத்தது. "வுட்ஸ்டொக் விழா வுட்ஸ்டொக்கில் நடக்கவில்லை, அப்படியென்றால் எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் பெத்தெல் என்ற ஊரில், மக்ஸ் யாஸ்கர் என்பவரின் பால்பண்ணையில். யாராவது குருட்டாம்போக்கில் "மாட்டுப் பட்டி" என்று கத்தினாலும் புள்ளி கொடுங்கள். பாட்டே கேட்டிராதவனும் யோசித்துப் பிடிக்கக்கூடியதுதான் என் கணக்கில் நல்ல கேள்வி.

நான் தவறாமல் வைத்திருக்கும் கேள்வி இது. 1969 ஜனவரி 30, லண்டன். சவில் ரோ வீதியில் தங்கள் அலுவலகக் கட்டடத்தின் கூரையில் ஏறி பீட்டில்ஸ் வாசிக்கப் போகிறார்கள். ஒலிப்பதிவுக்கு உதவியாக நின்ற அலன் பார்சன்ஸ் என்ற இளைஞனை, பெண்கள் போடும் நைலோன் காலுறை வாங்கிவரக் கடைக்கு அனுப்புகிறார்கள். எதற்கு?

வராத பதில் இல்லை. குளிருக்கு, முகத்தை மறைக்க, கிற்றார் துடைக்க, இன்னும் இங்கே எழுத முடியாத சிலவும். சொல்ல விடுங்கள், சிரித்து முடியட்டும். பிறகு உங்கள் மைக்கின் தலையில் இருக்கும் பஞ்சுத் தொப்பியைக் கழற்றிவிட்டு மைக்கைக் கடல் பக்கம் திருப்புங்கள். காற்று பட்டதும் பெட்டி குமுறும். அதன் மேல் காலுறை ஒன்றை இழுத்து மாட்டிவிட்டு மறுபடி திருப்புங்கள். குமுறல் தணியும், விடையை நீங்கள் வாயால் சொல்லவே தேவையில்லை. காலுறை துவைத்ததாக இருக்கட்டும்.

"குளிருக்கு" என்றவனையும் முழுதாகக் கைவிட வேண்டாம். அன்று உண்மையிலேயே கடும் குளிர். பீட்டில்ஸின் ஜோன் லெனன் போட்டிருந்தது காதலி யோகோவின் உரோமக் கோட்டு, டிரம்ஸ் வாசிக்கும் ரிங்கோ போட்டிருந்தது மனைவியின் சிவப்பு மழைக்கோட்டு. சுமார் 42 நிமிடம் வாசித்தார்கள், சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் முறையிடப் பொலிஸ் மேலே வந்துவிட்டது. ஒலிபெருக்கி கட்டுகிறவன் பொலிஸில் அனுமதி எடுக்கவேண்டிய ஊரில் இந்த இடத்துக்கு விளக்கவுரை வேண்டாம். நீங்களும் அனுமதியை முதலே எடுத்து வையுங்கள். அந்தக் காலுறை வாங்கப் போன இளைஞன் பின்னாளில் பிங்க் ஃபுளொய்டின் 1973 இசைத்தட்டான 'த டார்க் சைட் ஒஃப் த மூன்' ஒலிப்பதிவைச் செய்தவர். இதை என்னிடம் வயர் சுருட்டும் பொடியன்களுக்காகவே சொல்வேன்.

அடுத்தது, கையில் ஒரு பொருளோடு போங்கள். கோன் கிழிந்த ஸ்பீக்கர் ஒன்று எந்த சவுண்ட்காரனின் மூலையிலும் கிடக்கும். அதில் ஒரு பாட்டை ஓடவிட்டால் கரகரவென்று இரையும். "இந்தச் சத்தத்துக்காகவே நல்ல ஸ்பீக்கரை வெட்டியவர் யார், எதால் வெட்டினார்?" கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ், சவர பிளேட்டால். 1964இல் வந்த 'யூ ரியலி கொட் மீ' பாட்டின் கிற்றார் அப்படி உறுமுவது அதனால்தான். அந்தப் பாட்டு பிரித்தானியாவில் முதலிடத்துக்குப் போனது. கலியாண வீட்டில் என் பெட்டி அப்படி உறுமினால் மிச்சக் காசு வராது.

வான் ஹேலன் குழுவின் கதையும் நன்றாக எடுபடும். அவர்களின் நிகழ்ச்சி ஒப்பந்தத்தில், மேடைக்குப் பின்னால் வைக்கும் எம் அண்ட் எம் இனிப்பில் மண்ணிறமானது ஒன்றுகூட இருக்கக்கூடாது என்று ஒரு வரி இருந்தது. ஏன்? "கொழுப்பு" என்பார்கள். பாடகர் டேவிட் லீ ரொத் சொன்ன காரணம் வேறு. மேடை தாங்கவேண்டிய பாரம், மின்சாரம் எல்லாம் அதே ஒப்பந்தத்தில் இருந்தன. கிண்ணத்தில் மண்ணிறம் கண்டால் அதை ஒருவரும் வாசிக்கவில்லை என்று அர்த்தம், எல்லாவற்றையும் மறுபடி சோதிக்க வேண்டும். எனக்கு இது நூறு வீதம் விளங்கும். "சவுண்டுக்குத் தனி லைன்" என்று எழுதிக் கொடுத்த ஒரு கலியாண வீட்டில், அதே லைனில் ஐஸ்கிறீம் பெட்டியைக் கொழுவியிருந்தார்கள். தாலி கட்டும் நேரம் நாதஸ்வரக்காரரின் மைக் செத்தது.

பாட்டு போடுவதென்றால் இருபது செக்கன் காணும், முழுப் பாட்டும் போட்டால் சனம் கதைக்கத் தொடங்கிவிடும். விதிவிலக்கு, 1965 ஆகஸ்ட் 15 நியூயோர்க் ஷே மைதானத்தில் பீட்டில்ஸ் வாசித்த பதிவு. ஐம்பத்தையாயிரத்துக்கு மேல் சனம், பாடகர்களின் குரல் போனது மைதானத்தில் அறிவிப்புக்கு வைத்திருந்த ஸ்பீக்கர்களில். எங்கள் ஊர் மெக்கெய்சர் மைதானத்தில் விளையாட்டுப் போட்டி அறிவிப்புக் கேட்டவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று தெரியும். கூச்சல் கொஞ்ச நேரம் ஓடட்டும், அப்புறம் கேளுங்கள்: தன் காதில் ஒன்றும் விழாத ரிங்கோ எப்படித் தாளம் பிடித்தார்? முன்னால் நிற்கும் மூன்று பேரின் இடுப்பு ஆட்டத்தைப் பார்த்து.

பொய்க் கதைகளைக் கவனியுங்கள். பீட்டில்ஸின் போல் செத்துவிட்டார், 'அபி ரோட்' இசைத்தட்டின் அட்டையில் வெறுங்காலோடு நடப்பதுதான் அதற்கு அடையாளம் என்று 1969இல் கிளம்பிய வதந்தியை இன்றும் ஒருவன் கொண்டுவருவான். மாறாக, டீப் பேர்ப்பிள் குழுவின் 'ஸ்மோக் ஒன் த வோட்டர்' பாட்டில் வரும் கதை கட்டுக்கதை போலக் கேட்கும், ஆனால் நடந்தது: 1971 டிசம்பர் 4, சுவிற்சர்லாந்தின் மொன்ட்ரோ நகரில் ஃபிராங் சப்பாவின் கச்சேரியில் யாரோ வெளிச்சத் துப்பாக்கியைச் சுட, கசினோ எரிந்தது. புகை ஏரிமேல் பரவியது, பாட்டின் பெயரும் அதுதான்.

கடைசிக் கேள்விக்கு வாய் திறக்க வேண்டாம். சுவரில் புரொஜெக்டரைப் போட்டு, 1982இல் டுரான் டுரான் குழு எடுத்த 'சேவ் எ பிரேயர்' வீடியோவைச் சத்தமில்லாமல் ஓடவிடுங்கள். பாடகர்கள் யாரென்று தெரியாத அம்மாமாரும் "சிகிரியா!" என்று எழும்புவார்கள். ஹபரணை வழியாகப் போய்வருகிற கல்தானே. டுரான் டுரான் ராக்கே இல்லை என்று ஒருவன் சண்டைக்கு வருவான். அவன் கையிலும் ஒரு சரை கச்சானைக் கொடுத்து இருத்திவிட்டு, வயரைச் சுருட்டத் தொடங்குங்கள்.