வண்ணத்துப்பூச்சி வளர்ப்பு: கை வைக்காதிருக்கப் பழகுங்கள்

வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்க்கும் புழுக்கள் சாவதற்குப் பசியைவிட நம் கைதான் அடிக்கடி காரணமாகிறது. பசியும் காரணமாவது உண்டு: இலைதானே, எதைப் போட்டாலும் தின்னும் என்று நினைப்பவர்களிடம். எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு எலுமிச்சை, நாரத்தை, வில்வம் போன்றவை வேண்டும். வெந்தய வரியன் இனத்துப் புழுவுக்கு எருக்கு வேண்டும். வேறு இலையைப் போட்டால் பட்டினி கிடந்து சாகுமே தவிர வாய் வைக்காது. முட்டை எந்தச் செடியில் இருந்ததோ அதன் இலை கடைசிவரை கிடைக்குமா என்று பார்த்துவிட்டு எடுங்கள். வாழ்நாள் தீனியில் பெரும்பகுதியைக் கடைசிச் சில நாட்களில்தான் அது தின்று தீர்க்கும். அந்த நேரத்தில் அவசரமாக நர்சரியிலிருந்து செடி வாங்கி வைப்பது இன்னொரு தவறு. வேர்வழியாக ஏறிய பூச்சிமருந்து இலைக்குள்ளேயே இருக்கும்; கழுவினாலும் போகாது.

அடுத்தது, காற்றுப் போகாத டப்பா. எச்சம் நொதித்து, மூடியில் நீர் கோத்து, பூஞ்சணம் பிடித்துவிடும். வலைக்கூண்டு நல்லது, டப்பாதான் என்றால் காகிதம் விரித்துத் தினமும் மாற்றுங்கள். இலைக்காம்பை நீரில் வைத்தால் குப்பியின் வாயைப் பஞ்சால் அடையுங்கள், இல்லாவிட்டால் புழு இறங்கி மூழ்கிவிடும். ஒரே கூண்டில் நிறைய வளர்ப்பதும் ஆபத்து. மொனார்க் என்ற அமெரிக்க வண்ணத்துப்பூச்சி இனத்தில் நோயுற்ற தாயின் உடல் செதில்களிலிருந்து உதிரும் ஒட்டுண்ணி வித்துகளை முட்டை ஓட்டோடும் இலையோடும் புழு தின்றுவிடுகிறது. நெருக்கடியான, கழுவாத கூண்டில் இது வேகமாகப் பரவும். முட்டையிலிருந்து வெளிவந்த புழு பக்கத்து முட்டையைத் தின்பதும் உண்டு.

தோலுரிக்கும் நேரம்தான் மிகவும் கவனிக்க வேண்டியது. இலைமேல் பட்டு நூலால் மெத்தை போட்டு, அதில் கால்களை மாட்டிக்கொண்டு புழு அசையாமல் கிடக்கும். உற்றுப் பார்த்தால் தலைக்குப் பின்னால் வீங்கினாற்போலத் தெரியும்: புதிய தலை அங்கே தயாராகிறது. பழைய தோல் மெத்தையில் பிடித்துக்கொண்டிருக்க, புழு அதிலிருந்து நழுவி வெளியே வரவேண்டும். செத்துவிட்டதோ என்று பிய்த்தெடுத்தால் பிடிப்பு போய், தோல் பாதியில் சிக்கிக்கொள்ளும். புதிய இலையைப் பக்கத்தில் வைத்தால் போதும். உரித்த தோலைத் தின்கிறதே என்று முகம் சுளித்து அதை அப்புறப்படுத்தவும் வேண்டாம்.

கூட்டுப்புழுவாகும் முன் எலுமிச்சை அழகி போன்றவை இளகலாகக் கழிந்துவிட்டு, தீனியை மறந்து கூண்டெங்கும் அலையும். நோய் என்று பயந்து இலையைத் திணிக்காதீர்கள். ஏறி ஒட்டிக்கொள்ளக் குச்சிகளை வையுங்கள். பின்னர் கூடு கீழே விழுந்துவிட்டால் சொரசொரப்பான துணியை ஒட்டிப் படுக்க வையுங்கள். வெளிவந்த பூச்சி பிடித்து ஏற வேண்டும்.

வெளிவரும்போது கூட்டை விரித்து உதவும் ஆசையை அடக்குங்கள். சுருங்கிய சிறகுகள் தொங்கியபடிதான் விரியும். தட்டையான டப்பாவில் அவை இடித்து மடங்கி, அப்படியே காய்ந்துவிடும். சிவப்பாகச் சொட்டுவது ரத்தமல்ல, கூட்டுக்குள் சேர்ந்த கழிவு.

வளர்ந்த புழுவின் உடலிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியின் குட்டிப் புழுக்கள் துளைத்துக்கொண்டு வந்தால் அது உங்கள் குற்றமில்லை. வெளியே திரிந்த காலத்திலேயே குளவி முட்டையிட்டிருக்கும். பெரிய புழுவுக்குப் பதில் முட்டையை எடுத்தால் இந்த ஏமாற்றம் குறையும்.

சிறகு காயச் சில மணி நேரமாகும். அன்று மழையென்றால் மறுநாள்வரை பொறுக்கலாம். முட்டையை எடுத்த இடத்திலேயே, வெயில் இருக்கும் வேளையில் விடுங்கள்; வேறு ஊருக்குக் கொண்டுபோய்ப் பறக்கவிட வேண்டாம். சில இனங்களைப் பிடிப்பதே சட்டப்படி குற்றம் என்பதால், எடுக்கும் முன்பே இனத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.