ஹீட்டிங் பில்லைக் குறைக்க: எதை முதலில் செய்வது, எதைக் கடைசிக்குத் தள்ளுவது

குளிர்காலத்தில் பில் எகிறியதும் பலர் கையில் எடுப்பது புது ஹீட்டர். அது வரிசையில் கடைசியாக வர வேண்டியது. ஓட்டைப் பானையில் எவ்வளவு வேகமாக ஊற்றினாலும் நிறையாது. முதலில் காற்று புகும் இடங்களை அடைக்க வேண்டும். அடுத்து, இருக்கிற பாய்லரையும் (தண்ணீரைச் சூடாக்கும் கருவி) ரேடியேட்டரையும் (அந்த வெந்நீர் உள்ளே ஓடி அறையைச் சூடாக்கும் தகடு) ஒழுங்காக ஓட்ட வேண்டும். பிறகுதான் கூரைக்கு அடியிலுள்ள பரணில் வெப்பம் தடுக்கும் பஞ்சு விரிப்பது. கருவியை மாற்றும் யோசனை இவற்றுக்கெல்லாம் பின்னால். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால், தேவையைவிடப் பெரிய கருவியை வாங்கிவிட்டு வெளியே போகும் சூட்டுக்கும் சேர்த்துப் பணம் கட்டிக்கொண்டிருப்போம்.

கணக்கு எளிது. உள்ளுக்கும் வெளிக்கும் எத்தனை டிகிரி வித்தியாசமோ அந்த அளவுக்கு வெப்பம் வெளியேறும். ஒன்றரை சதுர மீட்டர் ஜன்னல், ஒற்றைக் கண்ணாடி, உள்ளே 20 டிகிரி, வெளியே 0 என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு ஜன்னல் வழியாக மட்டும் சுமார் 165 வாட் போகும். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 4 யூனிட். அதே இடத்தில் தரமான நவீன இரட்டைக் கண்ணாடி இருந்தால் 1 யூனிட்டோடு நின்றுவிடும்.

முதலில் மீட்டரைப் படியுங்கள்

பில் தொகையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கட்டணமும் மாறும், குளிரும் மாறும். ஒரு வாரம் தினமும் ஒரே நேரத்தில் மீட்டரைக் குறியுங்கள். அன்றைய சராசரி வெளி வெப்பநிலையை 18இலிருந்து கழித்து, ஏழு நாள் விடையையும் கூட்டுங்கள். அந்த வாரம் செலவான யூனிட்டை இந்தக் கூட்டுத்தொகையால் வகுத்தால் உங்கள் வீட்டுக்கான எண் கிடைக்கும். உதாரணமாக, வாரம் முழுக்க சராசரி 6 டிகிரி என்றால் கூட்டுத்தொகை 84. செலவு 420 யூனிட் என்றால் எண் 5. வேலைகளை முடித்தபின் அது 4 ஆகிவிட்டால் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம், அந்த வாரம் முன்பைவிடக் குளிராக இருந்திருந்தாலும் சரி. கேஸ் மீட்டர் கனமீட்டரில் காட்டினால், இயற்கை எரிவாயு ஒரு கனமீட்டருக்குச் சுமார் 10 முதல் 11 யூனிட் என்று கொள்ளுங்கள். சமையலுக்கும் வெந்நீருக்கும் ஆகும் செலவு கோடை மாத பில்லில் தெரியும்; அதை வாரக் கணக்காக்கி முதலில் கழித்துவிடுங்கள்.

காற்று எங்கே புகுகிறது?

சூடான காற்று மேலே ஏறி, பரண் மூடி, விளக்குத் துளை, குழாய் ஏறும் சந்து வழியாக வெளியேறும். அது விட்டுப்போன இடத்தை நிரப்பக் கீழ்த்தளத்தில் கதவடியிலும் ஜன்னல் ஓரத்திலும் குளிர்காற்று உள்ளே இழுக்கப்படும். கால் சில்லிடுகிறது என்று கீழே மட்டும் அடைத்தால் பாதி வேலைதான் முடிந்தது. மேலே இருக்கும் சந்துகளை முதலில் அடையுங்கள். கீழே புகும் காற்றும் தானாகக் குறையும்.

கண்டுபிடிக்கக் காற்று வீசும் நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பாய்லர், விறகடுப்பு போன்ற எரியும் கருவிகள் எல்லாவற்றையும் முதலில் அணைத்துவிட வேண்டும். கதவு ஜன்னல்களை மூடி, சமையலறையிலும் குளியலறையிலும் உள்ள எக்ஸாஸ்ட் ஃபேன்களைப் போடுங்கள். பற்றவைத்த ஊதுபத்தியை ஒவ்வொரு ஓரமாகக் கொண்டுபோனால் புகை வளையும் இடம்தான் ஓட்டை. எரியும் கருவிகளை அணைக்காமல் இதைச் செய்யக் கூடாது, ஏனென்றால் ஃபேன் இழுக்கும் இழுப்பில் புகைபோக்கியின் வாயு வீட்டுக்குள் திரும்பிவிடும்.

கதவுக்கு வேறு சோதனை. ஒரு தாளை நிலைக்கும் கதவுக்கும் நடுவில் வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். எளிதாக உருவிக்கொண்டு வந்தால் அங்கே ரப்பர் பட்டை பிடிக்கவில்லை. நான்கு பக்கமும் செய்து பாருங்கள். கீல் பக்கம் இறுக்கமாகவும் தாழ்ப்பாள் பக்கம் தளர்வாகவும் இருந்தால், பட்டை வாங்குமுன் தாழ்ப்பாள் தகட்டை ஓரிரு மி.மீ. உள்ளே தள்ளிப் பொருத்துங்கள். பல நேரம் அதுவே போதும்.

அடைக்கும் பொருளைச் சந்தின் அகலம்தான் தீர்மானிக்கும். 6 மி.மீ. வரையுள்ள அசையாத சந்துக்கு அக்ரிலிக் அல்லது சிலிக்கான் சீலன்ட் போதும். பெயிண்ட் அடிக்கப்போகிற இடமென்றால் அக்ரிலிக், ஈரம் படும் இடமென்றால் சிலிக்கான். சிலிக்கான்மேல் பெயிண்ட் ஒட்டாது. அதைவிட அகலமான சந்தில் முதலில் ஃபோம் கயிற்றைத் திணித்து, அதன்மேல் சீலன்ட் போட வேண்டும். கயிறு இல்லாமல் ஆழமாக நிரப்பினால் காயும்போது சுருங்கி நடுவில் விரிசல் விடும். இன்னும் பெரிய ஓட்டைக்கு விரியும் ஃபோம். ஜன்னல் சட்டத்தைச் சுற்றி அடைக்கக் குறைந்த அழுத்த ஃபோமையே கேட்டு வாங்குங்கள். சாதாரண ஃபோம் விரிந்து சட்டத்தை வளைத்து, ஜன்னல் திறக்க முடியாமல் செய்துவிடும். புகைபோக்கிக் குழாயைச் சுற்றி எந்த ஃபோமும் கூடாது. அங்கே உலோகத் தகடும் தீ தாங்கும் சீலன்ட்டும் மட்டுமே.

திறந்து மூடும் பகுதிகளுக்குப் பட்டை. ஒட்டும் ஸ்பாஞ்ச் பட்டை விலை குறைவு, ஆனால் ஓரிரு குளிர்காலத்தில் நசுங்கித் தட்டையாகிவிடும். உள்ளே குழிவுள்ள ரப்பர் பட்டை பல ஆண்டு நிற்கும். ஒட்டும் இடத்தை ஆல்கஹாலால் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு ஒட்டுங்கள். பட்டை உரிந்து வருவதற்குப் பெரும்பாலும் காரணம் அடியில் இருந்த தூசியும் ஈரமும்தான். தடிமன் அதிகமானால் கதவு சாத்தாது; சாத்துவதற்காக எல்லோரும் இடித்து இடித்துக் கீல் தளர்ந்துவிடும்.

ஒற்றைக் கண்ணாடி ஜன்னலுக்குச் சுருங்கும் பிளாஸ்டிக் படலம் நல்ல தற்காலிகத் தீர்வு. சட்டத்தைச் சுற்றி இரட்டைப் பக்க டேப்பை ஒட்டி, படலத்தை மேலிருந்து கீழாகப் பொருத்தி, ஹேர் டிரையரால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சூடாக்குங்கள். கண்ணாடிக்கும் படலத்துக்கும் இடையே 12 முதல் 20 மி.மீ. இடைவெளி இருப்பது நல்லது. அங்கே அசையாமல் நிற்கும் காற்றுதான் வெப்பத்தைத் தடுக்கிறது. தீ விபத்தின்போது வெளியேற வேண்டிய ஜன்னலில் இதை ஒட்டாதீர்கள்.

கனமான திரைச்சீலை இருட்டியதும் மூடப்பட வேண்டும். ஆனால் அது ரேடியேட்டரின் மேல் தொங்கினால் சூடு முழுவதும் திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில்தான் சுற்றும்.

ரேடியேட்டர்கள்

மேல் பகுதி குளிர்ந்து கீழ் பகுதி சூடாக இருந்தால் உள்ளே காற்று. கீழே நடுவில் குளிர்ந்து மேலே சூடாக இருந்தால் துருச்சேறு படிந்திருக்கிறது. முதலாவதை நீங்களே சரிசெய்யலாம். ஹீட்டிங்கை அணைத்து ஆற விடுங்கள். கீழ்த்தளத்திலிருந்து தொடங்கி, ரேடியேட்டரின் மேல் ஓரத்திலுள்ள சிறு திருகைச் சாவியால் இடப்புறமாகக் கால் திருப்பு, போதாவிட்டால் அரைத் திருப்பு திறங்கள், அடியில் துணி பிடித்தபடி. உஸ் என்ற சத்தம் நின்று தண்ணீர் சீராக வந்ததும் மூடிவிடலாம். முடித்தபின் பாய்லரின் அழுத்தமானியைப் பாருங்கள்: மூடிய அமைப்பில், ஆறிய நிலையில் 1 முதல் 1.5 பார் வரை இருக்க வேண்டும். குறைந்திருந்தால் நிரப்பும் வால்வை மெதுவாகத் திறந்து சேருங்கள். அடிக்கடி நிரப்ப வேண்டியிருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது விரிவுத் தொட்டி (சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் தரும் தொட்டி) பழுது. நிரப்பிக்கொண்டே போவது பெரிய தவறு. புதுத் தண்ணீரோடு வரும் ஆக்சிஜன்தான் உள்ளே துருவை உண்டாக்குகிறது. சேறு படிந்திருந்தால் ஆளைக் கூப்பிட்டுக் குழாய்களை அலச வேண்டியதுதான்.

ஒவ்வொரு ரேடியேட்டரிலும் 1 முதல் 5 வரை எண் போட்ட வால்வு இருக்குமே, அது தண்ணீர்க் குழாயின் திருகு போன்றது அல்ல, அறைச் சூட்டுக்கேற்பத் தானே திறந்து மூடும் தெர்மோஸ்டாட். 3 என்பது பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டி வரும். 5இல் வைத்தால் அறை சீக்கிரம் சூடாகாது, அளவுக்கு மீறிச் சூடாகும். கோடை முழுக்க மூடியே இருந்த வால்வின் உள் ஊசி ஒட்டிக்கொண்டு, சூடே வராமல் போவதும் சகஜம். எண் போட்ட தலையைக் கழற்றி, ஊசியைத் தட்டையான பொருளால் மெல்ல அழுத்தி அழுத்தி விடுங்கள். குறடால் பிடித்து இழுத்தால் ஊசி கையோடு வந்துவிடும், பின்னாலேயே தண்ணீரும்.

பாய்லருக்கு அருகிலுள்ள அறை கொதிக்க, கடைசி அறை குளிர்ந்தே இருந்தால் தண்ணீர் ஓட்டம் சமமாக இல்லை. கடைசி அறைக்காக முழு வீட்டையும் கூடுதலாகச் சூடாக்குவதில் நிறையப் பணம் போகிறது. இதைச் சரிசெய்ய, ரேடியேட்டரின் மறுமுனையில் மூடி போட்டிருக்கும் வால்வைத்தான் தொட வேண்டும். எல்லா வால்வுகளையும் முழுக்கத் திறந்து, ஆறிய நிலையிலிருந்து ஹீட்டிங்கைப் போட்டு, எது முதலில் சூடாகிறது என்று வரிசை எழுதுங்கள். முதலில் சூடானதை முழுக்க மூடிவிட்டுக் கால் திருப்பு மட்டும் திறங்கள். தூரம் கூடக்கூடத் திறப்பும் கூடட்டும். கடைசி முழுத் திறப்பில். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு கால் மணி நேரம் காத்திருந்து, உள்ளே வரும் குழாய்க்கும் வெளியே போகும் குழாய்க்கும் 10 முதல் 15 டிகிரி வித்தியாசம் வருகிறதா என்று பாருங்கள். அரை நாள் வேலை. பொறுமையாகச் செய்தால் பல ஆண்டுகளுக்குத் தொட வேண்டியதில்லை.

பாய்லர் வெப்பநிலை: காசில்லாமல் கிடைக்கும் மிச்சம்

கண்டென்சிங் வகை பாய்லர் புகையிலுள்ள நீராவியைக் குளிர்வித்து அதன் வெப்பத்தையும் எடுத்துக்கொள்கிறது. அதற்குத் திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். பல வீடுகளில் வெளியே அனுப்பும் தண்ணீரே 75, 80 டிகிரியில் வைக்கப்பட்டிருக்கும். அப்போது நீராவியின் வெப்பம் புகைபோக்கி வழியாகவே போய்விடும். ரேடியேட்டர் படம் போட்ட குமிழை 65க்குக் குறையுங்கள். இரண்டு மூன்று நாள் பார்த்து 60, பிறகு 55 என இறங்குங்கள். வீடு வேண்டிய சூட்டுக்கு வராத நாளில் ஒரு படி ஏற்றிக்கொள்ளலாம். ரேடியேட்டர் கை பொறுக்கும் சூட்டில் நெடுநேரம் ஓடும், அது சரிதான். வீடு சூடாக நேரம் கூடுதலாகும் என்பதால் டைமரை அரை மணி முன்னதாக வையுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. வெந்நீர்த் தொட்டி இருந்தால் தொட்டியின் தண்ணீர் 60 டிகிரிக்குக் குறையக் கூடாது. குறைந்தால் நுரையீரல் தொற்றை உண்டாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா வளர வாய்ப்புண்டு. இரண்டாவது, பழைய வகை பாய்லரில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். அதில் திரவமாகும் புகைநீர் அமிலத்தன்மை கொண்டது, உள் பாகங்களை அரித்துவிடும். அடியிலிருந்து நீர் வடியும் ஒரு பிளாஸ்டிக் குழாய் தனியாகப் போனால் அது கண்டென்சிங் வகை. அந்தக் குழாய் வெளிச்சுவரில் ஓடினால் உறைபனியில் அடைத்து பாய்லரை நிறுத்தும். அதற்கு உறை போடுங்கள்; உறைந்துவிட்டால் வெதுவெதுப்பான நீர் ஊற்றுங்கள், கொதிநீர் வேண்டாம்.

எத்தனை டிகிரி?

உள்ளே 21, வெளியே 5 என்றால் வித்தியாசம் 16. ஒரு டிகிரி குறைத்தால் பதினாறில் ஒரு பங்கு, அதாவது சுமார் 6 சதவீதம் மிச்சம். உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் குளிர்கால வீட்டுக்கு 18 டிகிரியைப் பாதுகாப்பான அளவாகச் சொல்கிறது. முதியவர், கைக்குழந்தை, நோயாளி இருக்கும் வீட்டில் அதைவிடக் கூடுதலாக வையுங்கள். அங்கே பில்லைவிட உடம்பு முக்கியம்.

‘இரவில் அணைத்தால் காலையில் திரும்பச் சூடாக்க அதிகம் செலவாகும்’ என்ற பேச்சு பாய்லர் வீட்டுக்குப் பொருந்தாது. வீடு ஆறிக்கிடக்கும் நேரத்தில் வெளியேறும் வெப்பம் குறைவு. அந்தக் குறைவுதான் மிச்சம். ஹீட் பம்ப் (வெளியிலுள்ள வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே இழுத்துத் தரும் கருவி) உள்ள வீட்டில் நிலைமை வேறு. அதிகம் இறக்கிவிட்டால் காலையில் அவசரமாகச் சூடாக்க உள்ளிருக்கும் துணை மின்சுருள் ஓடும். அது யூனிட்டை விழுங்கும். அங்கே 1, 2 டிகிரிக்கு மேல் இறக்காதீர்கள்.

மின்சார ரூம் ஹீட்டரில் எண்ணெய், செராமிக், ஃபேன் என்று எந்த வகையானாலும் ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் வெப்பம்தான். 1500 வாட் ஹீட்டர் முழு வேகத்தில் 5 மணி நேரம் ஓடினால் 7.5 யூனிட். ஹீட் பம்ப் அதே வெப்பத்துக்குச் சுமார் மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தையே எடுக்கும். ஒரே ஒருவர் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு மட்டும் ரூம் ஹீட்டர் நியாயம். எக்ஸ்டென்ஷன் கார்டில் செருகாதீர்கள். துணியும் மெத்தையும் ஒரு மீட்டர் தள்ளி இருக்கட்டும்.

பரண்

சந்துகளை அடைத்த பிறகுதான் பஞ்சு. காற்று ஊடுருவினால் கண்ணாடி இழைப் பஞ்சின் பயன் குறைந்துவிடும். முதல் அடுக்கை விட்டங்களுக்கு நடுவிலும் இரண்டாவதைக் குறுக்காகவும் விரித்து, மொத்தம் 25 முதல் 30 செ.மீ. ஆக்குங்கள். அமுக்கித் திணித்தால் உள்ளிருக்கும் காற்று போய்ப் பலனும் போகும். கூரை ஓரத்தில் 5 செ.மீ. காற்றுவழி விடாவிட்டால் ஈரம் தங்கி மரம் உளுத்துவிடும். மின்வயர்கள் பஞ்சுக்கு மேலே வரட்டும். பழைய ஹாலோஜன் விளக்குகளை மூடக் கூடாது. பரணில் தண்ணீர்த் தொட்டி இருந்தால் அதன் மேலும் பக்கங்களிலும் போர்த்துங்கள், அடியில் வேண்டாம். கீழிருந்து வரும் சூடுதான் அதை உறையாமல் காக்கிறது. பரண் மூடியின் முதுகிலும் பஞ்சுப் பலகை ஒட்டி, விளிம்பில் ரப்பர் பட்டை போடுங்கள். முகமூடி, கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம்.

ஈரமும் புகையும்

வீட்டை இறுக்கிய பிறகு கண்ணாடியில் காலையில் நீர் வழிந்தால் ஈரம் வெளியேறவில்லை என்று பொருள். ஜன்னலை நாள் முழுக்க ஒரு விரற்கடை திறந்து வைப்பதைவிட, ஹீட்டிங்கை அணைத்துவிட்டு எதிரெதிர் ஜன்னல்களை 5 முதல் 10 நிமிடம் அகலத் திறந்து மூடுங்கள். காற்று மாறிவிடும், சுவரின் சூடு போகாது. துணியை ரேடியேட்டர்மேல் உலர்த்துவது ஈரத்தைக் கூட்டுவதோடு சூட்டையும் மறைக்கும். காற்றோட்டத்துக்கென்று சுவரில் விட்ட துளைகளை, குறிப்பாக எரியும் கருவி இருக்கும் அறையில், ஒருபோதும் அடைக்காதீர்கள். அந்த அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்க வேண்டும், மாதம் ஒருமுறை அதன் பட்டனை அழுத்திச் சோதிக்க வேண்டும். கேஸ் சுடர் நீலம் மாறி மஞ்சளானாலோ, கருவியைச் சுற்றிக் கரி படிந்தாலோ, வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்து வெளியே போனதும் சரியானாலோ, கருவியை அணைத்து ஜன்னல்களைத் திறந்து உடனே வெளியேறுங்கள். தகுதியுள்ளவர் வந்து பார்க்கும்வரை அதை மீண்டும் பற்றவைக்கக் கூடாது.