தெர்மாமீட்டரை மட்டும் நம்பிப் பனி போடாதீங்க

அம்பாசமுத்திரத்தில் பம்ப்செட் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன் நான். அப்புறம் கனடாவில் ஒரு பனிச்சறுக்கு மலையில், ராத்திரி ஷிப்டில், தண்ணீரைத் துளித்துளியாகத் தெளித்துச் செயற்கைப் பனி போடும் எந்திரத்தை ஓட்டும் வேலை. லீவில் ஊருக்கு வந்தால் டீக்கடையில் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணாச்சி, மார்கழியில மாஞ்சோலையில இத ஓட்டுனா பனி விழுமா?" விழாது. ஏன் விழாது என்று பிடிபட்டுவிட்டால் பாதித் தொழில் வந்த மாதிரி. இந்த வேலைக்குக் கிளம்புகிற நம்ம ஊர்ப் பையன்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது ஈரக்குமிழ் வெப்பநிலை. அங்கே வெட் பல்ப் என்பார்கள். தெர்மாமீட்டரின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி ஃபேன் காற்றில் காட்டுங்கள். இறங்கி எங்கே நிற்கிறதோ அதுதான் அது. சித்திரை வெயிலில் மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருக்கும், ஐப்பசி அடைமழையில் அந்தக் குளிர்ச்சி வராது. அதே சங்கதிதான். காற்று காய்ந்திருந்தால் கொஞ்சம் தண்ணீர் ஆவியாகி, மிச்சத் தண்ணீரின் சூட்டையும் பிடுங்கிக்கொண்டு போய்விடும். திருநெல்வேலியில் 38 டிகிரி வெயில், ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் 24 டிகிரி. மழைநாளில் 28 டிகிரி, 90 சதவீதம் என்றால் 26-ஐத் தாண்டிவிடும். வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

எந்திரம் தெளிக்கும் துளியும் இப்படி ஆவியாகித்தான் குளிரும். அதனால் பனிக்கு இந்த எண் மைனஸ் 2-க்குக் கீழே போக வேண்டும். மைனஸ் 5 வந்தால் கொண்டாட்டம். காற்று 0 டிகிரியில் இருந்தாலும் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் மைனஸ் 4 பக்கம் வந்துவிடும், தைரியமாக ஓட்டலாம். மைனஸ் 1 டிகிரி, மூட்டம், 95 சதவீதம் என்றால் கிடைப்பது சகதிதான். மாஞ்சோலையில் மார்கழி விடியலில் பல் கிட்டும், ஆனாலும் உறைநிலைக்கு வெகு மேலேதான் நிற்கும். போதாக்குறைக்கு மேகம் வேறு வந்து படுத்துக்கொள்ளும்.

1950-இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் மூன்று பேர் கம்ப்ரசர், நாசில், ஹோஸ் இவற்றை வைத்துத்தான் முதல் பனி எந்திரத்தைச் செய்தார்கள். இன்றும் அடிப்படை அதுவே. அழுத்தக் காற்று நாசிலை விட்டு விரியும்போது சட்டென்று குளிர்ந்து, பொடித் துளிகளை உறைய வைக்கும். அந்த விதைகள் பெரிய துளிகளில் மோதும்போது அவையும் உறையும். விதை இல்லாவிட்டால் சுத்தமான தண்ணீர் மைனஸிலும் உறையாமல் அடம்பிடிக்கும். அதற்காகச் சில இடங்களில் சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியாவிலிருந்து எடுத்த பொடியைத் தண்ணீரில் கலப்பார்கள். துளி அந்தரத்தில் எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. சில எந்திரங்களைப் பத்து மீட்டர்க் கம்பத்தில் ஏற்றி வைப்பது அதனால்தான்.

ஓட்டும் முன் காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள். முதுகுப் பக்கத்திலிருந்து அடிக்க வேண்டும். எதிர்க்காற்றில் திறந்தால் எந்திரமும் நீங்களும் சேர்ந்து உறைவீர்கள். ஹோஸ் மாட்டியிருக்கும் கப்ளிங்கை இரண்டு தடவை இழுத்துப் பாருங்கள். தோட்டத்து மோட்டார் பிரஷர் என்று நினைத்துவிடாதீர்கள், ஹோஸ் பிடுங்கினால் ஆளையே அடித்துப் போடும். முதலில் அழுத்தக் காற்றைத் திறங்கள், பிறகுதான் தண்ணீர், அதுவும் பைய.

இனி சட்டைக்கைச் சோதனை. மீட்டரைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை. பனி தரையில் விழுகிற இடத்தில் நின்று, ஜாக்கெட் கையை நீட்டுங்கள். துகள் துள்ளித் தெறித்தால் பனி காய்ந்திருக்கிறது, தண்ணீரைக் கூட்டலாம். ஒட்டி, தட்டினால் உதிர்ந்தால் சறுக்குப் பாதையின் அடித்தளத்துக்குத் தோது. கை நனைந்து கண்ணாடித் தகடாகப் பிடித்தால் உடனே தண்ணீரைக் குறையுங்கள். அடுத்து ஒரு பிடி அள்ளி அமுக்குங்கள்: உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. ஒரு தடவை பார்த்துவிட்டு அறைக்குள் போய் உட்கார முடியாது. வானம் தெளிந்த ராத்திரியில் விடியலுக்குச் சற்று முன்புதான் குளிர் உச்சம், அப்போது தண்ணீரை நிறையத் திறக்கலாம்; வெயில் தலைகாட்டியதும் குறைக்க வேண்டும். தூக்கம் கெட்ட பிழைப்பு.

ஒரு கன மீட்டர்த் தண்ணீருக்குச் சுமார் இரண்டு கன மீட்டர்ப் பனி வரும். வானத்துப் பனியைவிடக் கனமானது. குவியலை உடனே பரப்பாமல் ஒன்றிரண்டு நாள் விட்டால் உள்ளே இருக்கும் தண்ணீர் வடியும்.

நிறுத்தும்போது வரிசை தலைகீழ்: முதலில் தண்ணீர், கடைசியில் காற்று. ஹோஸைச் சரிவில் கிடத்தி முழுக்க வடியவிட்டு அப்புறம் சுருட்டுங்கள். உள்ளே தண்ணீர் தங்கி உறைந்துவிட்டால் ஹோஸ் வளையாது, அடுத்த ஷிப்டுக்காரன் வாயில் விழ வேண்டியதுதான்.