உருகிய உப்பில் ஆர்கான் எவ்வளவு கரைகிறது? நான் அளக்கும் முறை

சோடியம் நைட்ரேட், பொட்டாசியம் நைட்ரேட் கலவையில் தொடங்குங்கள். ஏறத்தாழ 220 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். எண்ணெய், காகிதம், கரித்தூள் எதுவும் அதன் அருகில் வரக்கூடாது. சூடான நைட்ரேட் அவற்றை மூர்க்கமாக எரியவைக்கும்.

முதலில் உப்பை உலர்த்துங்கள். இதில் நான் அவசரப்பட்டு ஒரு வாரத்து அளவீடுகளை இழந்திருக்கிறேன்; ஆர்கானோடு நீராவியும் வெளியேறி எண்களைக் கெடுத்துவிட்டது. இப்போது வெற்றிடத்தில் இரவு முழுவதும் சூடேற்றிய பிறகே உருக்குகிறேன்.

300 டிகிரியில் நிலைநிறுத்தி, அழுத்தம் தெரிந்த ஆர்கானை மெல்லிய குமிழ்களாகச் செலுத்துங்கள். பிறகு, எடை தெரிந்த ஒரு பங்கு உப்பை, குமிழ் எதுவும் கலக்காமல், மூடிய இன்னொரு கலத்துக்கு மாற்றுங்கள். அங்கே ஹீலியத்தைச் செலுத்தினால் கரைந்திருந்த ஆர்கான் வெளியேறும். வாயுக்களைப் பிரித்து அளக்கும் கருவியான கேஸ் குரோமட்டோகிராஃப் அதை அளந்துவிடும். செலுத்தும் நேரத்தைக் கூட்டியும் விடை மாறாவிட்டால்தான் உப்பு நிறைவுற்றது என்று நம்புவேன்.

அழுத்தத்தை இரட்டிப்பாக்கினால் கரைந்த அளவும் இரட்டிப்பாக வேண்டும். அதுதான் ஹென்றி விதி. அப்படி வராவிட்டால், குமிழ் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

தண்ணீரில் பழகியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: தண்ணீரைச் சூடாக்கினால் பொதுவாக வாயு வெளியேறும்; ஆனால் உருகிய ஃபுளோரைடு உப்புகளில் ஆர்கான், ஹீலியம், செனான் போன்ற மந்த வாயுக்கள் சூடு ஏற ஏற அதிகமாகவே கரைகின்றன. நெருங்கி நிற்கும் அயனிகளுக்கு இடையே அணுவுக்கு இடம் திறக்க ஆற்றல் வேண்டும். பெரிய அணுவான செனான், ஹீலியத்தைவிட மிகக் குறைவாகக் கரைவதும் இதனால்தான். எனவே ஒரே வெப்பநிலையோடு நிறுத்தாதீர்கள். குறைந்தது மூன்றிலாவது அளந்து பாருங்கள்.