வாஸ்துப்படி வீட்டில் துணி காயப்போட இடம் தேர்ந்தெடுப்பது எப்படி?

சமையலறை எந்த மூலையில் வர வேண்டும், பூஜை அறை எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்று பலமுறை யோசித்து வீடு அமைக்கிறோம். ஆனால் குடியேறிய மறுநாள், பிழிந்த துணி நிறைந்த வாளியோடு நிற்கும்போது, ஆணி அகப்பட்ட இடத்தில் கொடி கட்டிவிடுகிறோம். அன்றாடம் ஈரத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற இடம் என்பதால், கொடிக்கும் வாஸ்துவில் உரிய இடம் உண்டு. முதன்முதலாக இதைப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் பின்பற்றக்கூடிய வரிசையில் கீழே விளக்குகிறேன்.

முதல் படி: திசையைச் சரியாக அறிதல்

இந்தப் படியில் பிழை நேர்ந்தால் பின்னால் செய்வது எல்லாமே பிழையாகிவிடும் என்பதால், இதற்கு அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். சூரியன் உதிக்கும் பக்கம் கிழக்கு என்று எல்லோரும் சொல்லுவோம். ஆனால் சூரியன் நேர் கிழக்கில் உதிப்பது மார்ச் 20, செப்டம்பர் 22 ஆகிய தேதிகளை ஒட்டி, ஆண்டுக்கு இரண்டு முறை மட்டுமே. ஜூன் மாதக் கடைசியில் அது நேர் கிழக்கிலிருந்து 23 பாகைக்கும் அதிகமாக வடக்கே விலகி உதிக்கிறது. வாஸ்துவில் ஒவ்வொரு திசைக்கும் 45 பாகை அகலம் என்று கொண்டால், அந்த நாட்களில் உதயத்தைப் பார்த்துக் கிழக்கைக் குறிக்கிறவர் உண்மையில் ஈசானிய (வடகிழக்கு) மூலையின் எல்லைக்குள் விரலை நீட்டிக்கொண்டிருப்பார்.

எனவே திசைகாட்டியையே நம்புங்கள். கைப்பேசியில் உள்ளது போதும். காந்தம் வைத்த உறை இருந்தால் கழற்றிவிட்டு, இரும்புக் கதவு, பீரோ, மோட்டார் ஆகியவற்றிலிருந்து விலகி, வீட்டின் நடுப்பகுதியில் கைப்பேசியைத் தரைக்கு இணையாகப் பிடித்துப் பாருங்கள். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிகளும் முள்ளை அசைக்கும் என்பதால், மூன்று நான்கு இடங்களில் நின்று பார்த்து, பெரும்பாலான இடங்களில் ஒத்து வருகிற அளவை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270 என்ற கணக்கில், வடமேற்கு 315 பாகையை நடுவாகக் கொண்டு ஏறத்தாழ 293 முதல் 337 வரை பரவியிருக்கும். இந்த எண்களைக் குறித்து வையுங்கள், இனி இவைதான் நமக்குத் தேவை.

இரண்டாம் படி: வீட்டை ஒன்பது கட்டங்களாகப் பிரித்தல்

ஒரு தாளில் வீட்டின் வெளிச்சுவரை வரைந்து, நீளத்தை மூன்றாகவும் அகலத்தை மூன்றாகவும் பிரியுங்கள். மனையைக் கட்டங்களாகப் பிரித்துக் காட்டும் மரபான வாஸ்து மண்டலம் 81 பதங்கள், அதாவது சிறு கட்டங்கள், கொண்டது. அதில் நடுவிலுள்ள 9 பதங்கள் பிரம்மாவுக்கு உரியவை. நாம் வரைந்த படத்தின் நடுக்கட்டம் அந்தப் பிரம்மஸ்தானத்துக்குச் சமம். சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் ஈசானியம் (வடகிழக்கு), அக்னி (தென்கிழக்கு), நிருதி (தென்மேற்கு), வாயு (வடமேற்கு) என்று நான்கு மூலைகளையும், இடையே நான்கு திசைகளையும் எழுதிக்கொள்ளுங்கள். பால்கனி, மொட்டை மாடி, வீட்டின் ஓரத்துச் சந்து என ஈரத்துணி போகக்கூடிய எல்லா இடங்களையும் அதே தாளில் குறியுங்கள்.

மூன்றாம் படி: கூடாத இடங்களை நீக்குதல்

முதலில் வடகிழக்கை நீக்குங்கள். மனையில் படுத்திருப்பதாகக் கருதப்படும் வாஸ்து புருஷனின் தலை இருக்கும் மூலை அது. சுத்தமாகவும் பாரமில்லாமலும் இருக்க வேண்டும் என்பது விதி. “ஈசானியம் நீருக்கு உரிய மூலைதானே, கிணறும் தொட்டியும் அங்கேதானே வைக்கச் சொல்கிறார்கள், ஈரத்துணி மட்டும் ஏன் ஆகாது?” என்ற கேள்வி பலருக்கு எழும், அது நியாயமான கேள்வியும்கூட. அங்கே வைக்கச் சொல்வது குடிப்பதற்கான நல்ல நீரை. துணியிலிருந்து சொட்டுவதோ அழுக்கையும் சோப்பையும் கரைத்துக்கொண்டு வந்த நீர். மேலும், அந்த மூலை வழியாகக் காலை வெளிச்சம் வீட்டுக்குள் வர வேண்டும்; அங்கே போர்வை ஒன்றைத் தொங்கவிட்டால், அறையே இருண்டு போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

அடுத்து, பிரம்மஸ்தானம். மழைநாளில் கூடத்தின் நடுவே மின்விசிறிக்குக் கீழே ஸ்டாண்டை விரித்து வைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது; நடக்கிறவர் எல்லோரும் அதைச் சுற்றிப் போக வேண்டியிருக்கும். நடுவீடு தடையின்றி இருக்க வேண்டும் என்பதால் அதைத் தவிருங்கள். தலைவாசலுக்கு நேரேயும், பூஜை அறைக்கு முன்பும் கொடி கட்ட வேண்டாம் என்பதற்கு விளக்கம் தேவைப்படாது.

தென்மேற்கு, வீட்டுக்கு உறுதி தரும் மூலை. அங்கே பெரும்பாலும் படுக்கையறை இருக்கும். ஈரம் தங்கினால் சுவரில் பூஞ்சை படரும் என்பதால் அதையும் தாளில் அடித்துவிடுங்கள்.

நான்காம் படி: உகந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

மீதமுள்ளவற்றில் முதல் இடம் வடமேற்கு, அதாவது வாயு மூலை. இதை வெறும் நம்பிக்கையாக மட்டும் நான் பார்க்கவில்லை. வெயில் துணிக்குச் சூடு தருகிறது என்றாலும், ஈரத்தை எடுத்துச் செல்வது காற்றுதான். துணியை ஒட்டி நிற்கும் காற்று ஈரத்தை வாங்கி நிறைந்த பிறகு, அது விலகி வேறு காற்று வந்தால்தான் உலர்வது தொடரும். அதனால்தான் காற்றில்லாத சந்தில் கடும் வெயில் நாளிலும் ஜீன்ஸின் கால்பகுதி காய்ந்திருக்க, இடுப்புப் பட்டையும் பையின் உள்துணியும் ஈரமாகவே இருக்கின்றன. மடித்து வைத்த மறுநாள் அலமாரியைத் திறந்தால் முடை நாற்றம் வீசும். உலர்த்தும் வேலையைக் காற்றின் அதிபதிக்கு உரிய மூலையில் வைத்தது பொருத்தமாகவே தோன்றுகிறது. காற்றில் ஈரப்பதம் பொதுவாக மிகவும் குறைந்திருக்கும் பிற்பகலில் வெயில் சாய்வது மேற்குப் பக்கமாக என்பதும் இந்த மூலைக்குத் துணை.

வடமேற்கு கிடைக்காவிட்டால் மேற்கு, அதுவும் இல்லையெனில் கிழக்கு. கிழக்கில் கட்டும்போது கொடி ஈசானியக் கட்டத்துக்குள் நீளாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால் தெற்குப் பக்கமும் பயன்படும். தென்கிழக்கு அக்னிக்கு உரியது. மின்சாரத்தில் ஓடும் வாஷிங் மெஷினை அங்கே வைக்கலாம், ஆனால் சமையலறை பக்கத்தில் இருந்தால் தாளிக்கும் வாசனை முழுவதும் துணியில் ஏறும் என்பதால் கொடியை அங்கே கட்டச் சொல்ல மாட்டேன்.

இரண்டு இடங்கள் சமமாகத் தோன்றினால் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். ஒரே அளவுள்ள இரண்டு கைக்குட்டைகளை ஒன்றாக நனைத்து, ஒன்றாகப் பிழிந்து, இடத்துக்கு ஒன்றாகக் காயப்போடுங்கள். பக்கத்திலேயே ஓர் ஊதுபத்தியை ஏற்றி வைத்தால், புகை நேராக எழுகிறதா, ஒரு பக்கமாக இழுபடுகிறதா என்பதில் காற்றோட்டம் தெரிந்துவிடும். எந்தக் கைக்குட்டை முதலில் காய்கிறதோ அங்கே கொடி கட்டுங்கள்.

ஐந்தாம் படி: கட்டுதலும் காயப்போடுதலும்

ஒரே சுவரை ஒட்டிக் கட்டாமல், காற்று இரு பக்கமும் புகும்படி சுவரிலிருந்து ஒரு முழமாவது தள்ளிக் கட்டுங்கள். ஒரு கொடிக்கும் அடுத்ததற்கும் ஒரு சாண் இடைவெளி தேவை. துணியை நன்றாக உதறி, வண்ணத்துணிகளை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போடுங்கள். கம்பளி ஆடைகளைத் தொங்கவிடாமல் சமமாக விரித்து உலர்த்துங்கள், இல்லையெனில் நீர்ப்பாரத்தில் நீண்டுவிடும்.

பொழுது சாய்வதற்குள் துணியை எடுத்துவிட வேண்டும் என்று மூத்தவர்கள் சொல்வதை அப்படியே கடைப்பிடியுங்கள். வெப்பம் இறங்கும்போது காற்றின் ஈரப்பதம் ஏறுகிறது. காய்ந்த பருத்தித் துணி அந்த ஈரத்தைத் திரும்பவும் வாங்கிக்கொள்ளும்.

அடுக்குமாடியில் ஈசானிய பால்கனி மட்டும் இருந்தால்

என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான். இடித்து மாற்ற வேண்டியதில்லை. நிரந்தரக் கொடி கட்டாமல் மடக்கு ஸ்டாண்ட் ஒன்றை வைத்துக்கொண்டு, வாயு மூலை அறையில் ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை ஓடவிட்டு உலர்த்துங்கள். மெஷினில் இன்னொரு முறை பிழிந்தெடுத்தால் அறைக்குள் வரும் ஈரம் குறையும். எவ்வளவு ஈரம் என்று அறிய, துணியை நனைந்தபோதும் காய்ந்தபோதும் எடை போடுங்கள், ஒவ்வொரு கிலோ வித்தியாசமும் அந்த அறையின் காற்றில் கலந்த 1 லிட்டர் நீர். ஜன்னலைச் சாத்திவிட்டால் அது சுவரில்தான் போய்ப் படியும். படுக்கை விரிப்பு போன்ற பெரிய துணிகளுக்கு பால்கனியைத் தவிர வழியில்லை என்றால், அங்கே அதன் வடக்கு ஓரத்தில் சொட்டு நின்ற பிறகு போட்டு, காய்ந்தவுடன் எடுத்து, தரையைத் துடைத்து, ஸ்டாண்டை மடக்கி உள்ளே வைத்துவிடுங்கள்.