மாவு புளித்தது, பொங்கவில்லை

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் சென்னையிலிருந்து ஒரு படம் அனுப்பினான். தட்டில் ஆறு இட்லி. இட்லி என்று கீழே எழுதியிருந்ததால்தான் தெரிந்தது. நடுவில் பள்ளம், ஓரமெல்லாம் பளபளப்பு, பிட்டு எடுத்த இடத்தில் ஒரு துளைகூட இல்லை. கூடவே ஒரு கேள்வி: “மாமா, மாவு நல்லாத்தான் புளிச்சிருந்துச்சு. அரிசி சரியில்லையோ?”

சிரிக்கத் தோன்றவில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நானும் இதே கேள்வியைத்தான் ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். மனைவிக்கு அதிகாலை ஷிப்ட் வந்தபோது, 38 வயதில், கோவையில் எங்கள் வீட்டு அடுப்படியை ஏற்றுக்கொண்டவன் நான். உப்பு கூடிப்போவது, கடுகு தீய்வது, பால் பொங்கி வழிவது இதையெல்லாம் எழுதிச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் இரண்டு முறை வாங்கிக் கட்டிக்கொண்டால் கை தானே திருந்திவிடும். செய்தவனுக்கே தெரியாமல் வருடக்கணக்கில் ஓடும் தவறுகள் சில இருக்கின்றன. புதிதாகச் சமைக்க வருகிற பையன்கள் ஒவ்வொருவராக அதே குழியில் விழுவதைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

உளுந்தில் முதலிலேயே தண்ணீரைக் கொட்டுவது

இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வருகிற தவறு இது. ஏனென்றால் இரண்டு வருடம் இதைச் செய்தேன், இரண்டு வருடமும் பழியை வேறெதன் மேலாவது போட்டேன்.

முதலில் அரிசி மேல் சந்தேகம். ரேஷன் அரிசியை விட்டுவிட்டு கடையில் இட்லி அரிசி வாங்கினேன். அது போதாதென்று, ஆடுதுறை 37 குண்டு அரிசிதான் இட்லிக்கு எடுப்பு என்று ஒருவர் சொல்ல, அதைத் தேடி அலைந்தேன். அப்புறம் ஒரு பிடி அவல் சேர்த்தேன். அப்புறம் ஆமணக்கு முத்து. வெந்தயத்தைக் கூட்டினேன், இட்லி கசந்தது. மார்கழிக் குளிர்தான் காரணம் என்று பாத்திரத்தைப் போர்வையால் சுற்றி வைத்தேன். ஆப்ப சோடா போட்ட அன்று மட்டும் கொஞ்சம் எழும்பியது, கூடவே சோப்பு வாடையும் வந்தது. அரிசி மாறியது, வானிலை மாறியது, என் கை மட்டும் மாறவில்லை.

விலை கொடுத்தது தம்பி வீட்டுப் பால் காய்ச்சும் நாளில்தான். காலை டிபன் நாற்பது பேருக்கு. இட்லி என் பொறுப்பு என்று நானே வாயைக் கொடுத்தேன். நாலு கிலோ அரிசி, ஒரு கிலோ உளுந்து. இரண்டு லிட்டர் கிரைண்டரில் ஈடு ஈடாக ஆட்டி முடிக்க சாயங்காலம் ஆகிவிட்டது. விடிகாலை நாலு மணிக்குப் பாத்திரத்தைத் திறந்தால் வாசனை ஆளைத் தூக்குகிறது, அவ்வளவு நன்றாகப் புளித்திருக்கிறது. ஆனால் மாவு முந்தின நாள் இரவு விட்ட அதே கோட்டில் நிற்கிறது. முதல் ஈடு வெந்து வந்தது. ஒவ்வொன்றும் வடைக்குத் தட்டிய மாதிரி.

ஆறு மணிக்கு பைக்கை எடுத்துக்கொண்டு பக்கத்து மெஸ்ஸுக்கு ஓடினேன். இட்லிக்கு மட்டும் 2,000 ரூபாய்க்கு மேல் போனது. மிச்ச மாவை ஒரு வாரம் தோசையாகவும் ஊத்தப்பமாகவும் தின்று தீர்த்தோம். நாலாம் நாள் தோசையைப் பார்த்ததும் என் மகள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனாள்.

அன்றைக்கு வந்திருந்தவர்களில் மனைவியின் பெரியம்மாவும் ஒருவர், கோபிச்செட்டிபாளையத்துக்காரர். எல்லோரும் போனபின் அடுப்படிக்கு வந்து, குண்டாவில் இருந்த மாவைக் கையில் எடுத்து விரலை விரித்தார். அது விரல் சந்து வழியாக ஒழுகியது. “மாப்ள, இது மாவுங்களா, மோருங்களா?” என்றார். அரிசி என்ன ரகம் என்று அவர் கேட்கவே இல்லை. உளுந்துக்கு எவ்வளவு தண்ணீர் விட்டீர்கள், எப்போது விட்டீர்கள், இந்த இரண்டுதான் கேட்டார்.

எப்போது என்றால், தொடக்கத்திலேயே. உளுந்தைப் போட்டதும் கல் இறுகி, கிரைண்டர் முனகும். அந்த முனகல் பொறுக்காமல் ஒரு சொம்பு தண்ணீரை மொத்தமாக ஊற்றுவேன். சத்தம் அடங்கும், கல் வழுக்கிக்கொண்டு ஓடும், பத்தே நிமிடத்தில் மாவு நைசாகிவிடும். எவ்வளவு சுலபம் என்று நினைத்துக்கொள்வேன்.

அங்கேதான் கெட்டது. இட்லிக்கு உருவம் தருவது அரிசி. காற்றைப் பிடித்து நிறுத்துவது உளுந்து. மாவு புளிக்கும்போது லியூகோனோஸ்டாக் மெசன்டராய்ட்ஸ் என்ற பாக்டீரியா அதிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் விடுகிறது. வாசனை அமிலத்தால், எழுச்சி வாயுவால். வழக்கமாக இரண்டும் சேர்ந்தே வருவதால், புளித்துவிட்டது என்றால் பொங்கியும் இருக்கும் என்று நம்பிவிடுகிறோம். ஆனால் வாயு மாவுக்குள் நிற்க வேண்டுமானால், உளுந்தின் புரதமும் அந்தக் கொழகொழப்பும் கல்லில் அடிபட்டு நுரைத்துக் கெட்டியாகியிருக்க வேண்டும். தொடக்கத்திலேயே தண்ணீர் அதிகமானால் உளுந்து கல்லுக்குச் சிக்காமல் வழுக்கிக்கொண்டே போகிறது. அரைபடும், அடிபடாது. அந்த நீர்த்த மாவில் வாயு உண்டாகும், மேலேறும், போய்விடும். நான் மோந்து பார்த்து மகிழ்ந்ததெல்லாம் வெறும் புளிப்பை.

பெரியம்மா அடுத்த வாரமே வரச் சொல்லிக் காட்டிக்கொடுத்தார். நாலு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் உருட்டு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். அரிசி நாலைந்து மணி நேரம் ஊறலாம். உளுந்துக்கு ஒன்றரை மணி நேரம் போதும். நான் ராத்திரி முழுக்க ஊறப்போட்டுக்கொண்டிருந்தேன், அதற்கும் தனியாகத் திட்டு வாங்கினேன்.

கிரைண்டரை ஓடவிட்டு, உளுந்தை வடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டார். தண்ணீர் ஒரு சின்னக் கரண்டி, அவ்வளவுதான். கிரைண்டர் முனகியது. எனக்குக் கை பரபரத்தது. “முனகட்டும்ங்க” என்றார். மாவு ஓரத்தில் ஏறி ஒட்டும்போது வழித்து உள்ளே தள்ளி, கையை நனைத்து ஒரு தெளிப்பு. இரண்டு மூன்று நிமிடம் கழித்து இன்னொரு தெளிப்பு. கால் மணி நேரத்தில் மாவு நைசாகத்தான் இருந்தது. நானாக இருந்தால் அப்போதே வழித்திருப்பேன். அவர் விடவில்லை. அதற்கப்புறம் வந்த இருபது நிமிடம்தான் நான் இரண்டு வருடமாகத் தவறவிட்டது. மாவு வெள்ளையாகி, உப்பி, கல்லின் பாதி உயரத்துக்கு மேலே ஏறியது. சத்தமும் மாறியது: கரகரப்பு போய், காற்றுக் குமிழ் உடைகிற தப், தப் என்ற சத்தம். ஒரு கிண்ணத் தண்ணீரில் ஒரு பொட்டு மாவைப் போட்டார். பஞ்சு மாதிரி மிதந்தது. ஒரு டம்ளர் உளுந்து அன்று ஐந்து டம்ளருக்கு மேல் மாவு கண்டது. மொத்தத் தண்ணீர் ஒன்றரை டம்ளர்தான். நான் விட்டுக்கொண்டிருந்ததும் ஏறக்குறைய அதே அளவு, மொத்தத்தையும் ஒரே ஊற்றாக.

உங்கள் உளுந்துக்கு இந்த அளவு கொஞ்சம் முன்பின் ஆகும். புது உளுந்து அதிகத் தண்ணீர் கேட்கும், பழையது குறைவாகக் கேட்கும். டம்ளரை நம்ப வேண்டாம், மிதக்கிறதா என்று பாருங்கள்.

மிக்ஸியில் ஆட்டுகிறவர்கள்

மிக்ஸியில் கூடுதலாக ஒரு வில்லன் உண்டு: சூடு. ஜாரைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருந்தால் நிறுத்திவிடுங்கள். பிரிஜ்ஜில் வைத்த தண்ணீரைத் தெளித்து, விட்டு விட்டு ஓட்டுங்கள். மூன்றுக்கு ஒன்று என்று உளுந்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். இவ்வளவு செய்தாலும் கிரைண்டர் மாவு வராது. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

பொங்கிய மாவைக் கலக்குவது

முதல் நாள் இட்லிக்கு ஓரத்திலிருந்து அள்ளி ஊற்றுங்கள். கரண்டியை அடிவரை விட்டுச் சுழற்றினால் ராத்திரி முழுக்கச் சேர்ந்த காற்று அரை நிமிடத்தில் போய்விடும்.

காய் வேகும் முன்னால் புளி

சாம்பாரில் முருங்கைக்காயும் கத்தரிக்காயும் போட்டு, கையோடு புளியையும் கரைத்து ஊற்றி, ஒரே கொதியில் வேலையை முடிக்கப் பார்ப்பவர்கள் நிறையப் பேர். நானும் அப்படித்தான். அரை மணி நேரம் கொதித்தபின்னும் காய் பல்லில் கடுக்கென்றே இருக்கும். காயைக் கட்டி வைத்திருக்கும் பெக்டின் புளிப்பில் சட்டென்று கரையாது, அதனால் காய் குழைய மறுக்கிறது. பருப்புக்கும் இதே கதைதான். முதலில் காயைத் தனித் தண்ணீரில் முக்கால் பதம் வேகவிடுங்கள், அப்புறம் புளி, பச்சை வாசனை போனதும் வெந்த பருப்பு.

இதையே நமக்குச் சாதகமாகவும் திருப்பிக்கொள்ளலாம். வெண்டைக்காய்ப் புளிக்குழம்பில் துண்டு உடையாமல் முழுதாக நிற்பது புளியின் தயவால்தான். வதக்கிவிட்டுப் போட்டால் கொழகொழப்பும் அடங்கும்.

பருப்பு பற்றி இன்னொன்று. எங்கள் வீட்டில் இரண்டு குழாய்: ஒன்றில் சிறுவாணி ஆற்றுத் தண்ணீர், ஒன்றில் போர்வெல்லின் கடினமான உப்புத் தண்ணீர். சிறுவாணி வராத ஒரு வாரம் உப்புத் தண்ணீரிலேயே துவரம்பருப்பை வைத்தேன். ஆறு விசில் விட்டும் பருப்பு பருப்பாகவே கிடந்தது. கடைக்காரர் பழைய பருப்பைத் தலையில் கட்டிவிட்டார் என்று சண்டைக்குப் போகப் பார்த்தேன். கடினத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் அந்தப் பெக்டினையே இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. குடிக்கிற தண்ணீரில் வேகவைத்த அன்று அதே பருப்பு மூன்று விசிலில் மலர்ந்தது. நல்லவேளை, கடைக்காரரிடம் வாயைத் திறக்கவில்லை.

ரசத்தைக் கொதிக்க விடுவது

விடாதீர்கள். நுரை கட்டி எழும்போதே இறக்குங்கள்.

பீன்ஸ் பொரியலுக்கு மூடி

பச்சைக் காய் வேகத் தொடங்கும் நேரத்தில் அதிலிருக்கும் லேசான அமிலங்கள் ஆவியோடு வெளியேறும். மூடி போட்டால் அவை திரும்ப அதன் மேலேயே சொட்டும், பச்சை நிறம் பாசிபிடித்த மாதிரி மங்கிவிடும். முதல் சில நிமிடம் திறந்தே கிடக்கட்டும். வாணலி அகலமாக இருந்தால் இன்னும் நல்லது.

மோர்க்குழம்பு

ரசத்துக்குச் சொன்னதேதான்.

ஒரே நாளில் நாலு சோதனை

சமையலில் சோதனை செய்யாதே என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், எனக்கு அதில்தான் ருசியே. ஆனால் நான் அன்று செய்த மாதிரி அரிசியையும் மாற்றி, அவலும் சேர்த்து, ஊறும் நேரத்தையும் கூட்டினால், இட்லி நன்றாக வந்தாலும் ஏன் வந்தது என்று தெரியாது. வராவிட்டால் கேட்கவே வேண்டாம். சாமையில் இட்லி சுட ஆசை வந்தபோது உளுந்தையும் ஆட்டும் முறையையும் தொடவில்லை. நாலு டம்ளர் அரிசியில் ஒரு டம்ளரை மட்டும் சாமைக்குக் கொடுத்தேன். அடுத்த வாரம் இரண்டு. மூன்றாம் வாரம் மூன்று டம்ளர் சாமை, இட்லி உதிர ஆரம்பித்தது. சரி, இரண்டோடு நிற்போம் என்று நிறுத்திக்கொண்டேன். வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, மகளைத் தவிர. அவள் நாக்கு அப்படி.

அக்கா மகனுக்கு இதையெல்லாம் போனில் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. முதலில் நம்பவில்லை, தண்ணீரில் என்ன மாமா இருக்கிறது என்றான். ஆனால் அறையில் இருக்கும் மூன்று பேரும் காசு போட்டு ஒரு பழைய இரண்டு லிட்டர் கிரைண்டர் வாங்கிவிட்டார்கள். நேற்று சாயங்காலம் திரும்பவும் கூப்பிட்டான். போனை கிரைண்டர் பக்கத்தில் வைத்துவிட்டு, “மாமா, சத்தம் வந்துருச்சா கேளுங்க” என்றான். கேட்டேன். இன்னும் கரகரப்பு இருந்தது.

“முனகுதுடா, முனகட்டும். ஒரு கை தெளி, பத்து நிமிஷம் கழிச்சுக் கூப்பிடு” என்றேன்.