ஃபேன் ஓடுகிறதா என்று நின்று பார்த்தேன்

கன்டெய்னர் லாரி வரிசையில் சிக்கினால் மட்டும் என் கார் சூடேறும். ஓடும்போது காற்று பட்டு ரேடியேட்டர் ஆறிவிடும். திருவொற்றியூர் மெக்கானிக் அண்ணன் ரேடியேட்டர் ஃபேனுக்குக் கரன்ட் விடும் சுவிட்சான ரிலேயை மாற்றிக் கொடுத்தார். சரி, காலி ரோட்டில் ஓட்டிப் பார்த்து என்ன பயன்? மத்தியான வெயிலில் எண்ணூர் விரைவுச் சாலை நெரிசலுக்கே கொண்டுபோனேன். இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் பாதியைத் தாண்டவில்லை.

ஆனால் ஏசி போட்டிருந்தால் ஃபேன் எப்படியும் சுற்றும். சூட்டை உணர்ந்து சுற்றுகிறதா என்பதுதான் கேள்வி. ஓரங்கட்டி, ஏசியை அணைத்து, இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தேன். விர்ரென்று ஃபேன் கிளம்பியது, சற்று நேரத்தில் நின்றது, அப்புறம் மறுபடி கிளம்பியது. அப்பாடா!

மறுநாள் காலை, இன்ஜின் ஆறியிருந்தபோது கூலன்ட் டப்பாவைப் பார்த்தேன். சூட்டோடு மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும், வேண்டவே வேண்டாம். அளவு குறையவில்லை.